பழைய இசைத்தட்டு ஏன் மூக்கால் பாடுகிறது?

நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டு ஒன்றைக் கேட்க உட்கார்ந்தால், முதலில் காதில் விழுவது இரைச்சல்தான். ஈரச் சுள்ளி எரிகிற மாதிரி ஒரு படபடப்பு. அதற்குப் பின்னால், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு மூக்கால் பாடுகிற ஒரு குரல். "அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடிந்தது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. அந்தக் குரல் நம் காதுக்கு வந்து சேருவதற்குள் மூன்று கை மாறுகிறது: பதிவு செய்த முறை, பதிவைத் தாங்கும் தட்டு, அதைப் பாடவைக்கும் கருவி. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்திவிடுகிறது. முதல் இரண்டையும் திட்டுகிற அளவுக்கு மூன்றாவதை யாரும் திட்டுவதில்லை. என்னைக் கேட்டால், பாதிப் பழியாவது அதன் தலையில்தான் விழவேண்டும்.

பதிவிலிருந்து ஆரம்பிப்போம். 1877இல் எடிசன் போனோகிராஃபைச் செய்ததிலிருந்து 1925 வரை, ஏறக்குறைய ஐம்பது வருஷம், விற்பனைக்கு வந்த தட்டுகளில் ஒலியைப் பிடிக்கும் வேலையில் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்டப் பங்கே இல்லை. மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலின் வாய்க்குள் பாடுவார். புனலின் ஒடுங்கிய முனையில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். குரல் பட்டதும் அது அதிரும். அதோடு இணைத்த வெட்டூசி, சுழலும் மெழுகில் அந்த அதிர்வைக் கீறிக்கொண்டே போகும். மொத்த ஏற்பாடும் இவ்வளவுதான். மெழுகை வெட்டத் தேவையான சக்தி முழுவதும் பாடுகிறவரின் தொண்டையிலிருந்தே வந்தாகவேண்டும். மனிதக் குரலில் இருக்கும் சக்தி ஒரு டார்ச் பல்பை எரிக்கக்கூடக் காணாது. அதை உளியாகப் பிடித்துத்தான் இவர்கள் செதுக்கியிருக்கிறார்கள்.

அதனால் பதிவு அறை ஒரு நெரிசல் பேருந்து மாதிரி இருந்தது. சத்தம் குறைந்த வாத்தியங்கள் புனலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், சத்தம் கூடியவை சுவரோரம் போகும். பியானோவைப் புனல் உயரத்துக்கு மேடைமேல் ஏற்றி, பின்பக்கப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். சாதாரண வயலின் போதவில்லை என்று, மரப்பெட்டிக்குப் பதிலாகத் தகடும் புனலும் வைத்த ஸ்ட்ரோ வயலினை வாசித்தார்கள். ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பேஸின் கனத்த நாதம் மெழுகில் விழவே விழாது. அதன் இடத்தில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழல் வந்து உட்கார்ந்தது. பாடகர் உச்ச ஸ்வரத்தைத் தொடும்போது பின்னால் சாயவேண்டும், தாழ இறங்கும்போது புனலுக்குள் முகத்தைக் கொண்டுபோகவேண்டும். சாய மறந்தால் ஊசி துள்ளி அந்த மெழுகு பாழாகிவிடும். பதிந்தது எப்படி வந்திருக்கிறது என்று உடனே போட்டுக் கேட்கவும் வழியில்லை. மெழுகு அவ்வளவு மென்மையானது, ஒரு தடவை ஓட்டிக் கேட்டாலே கெட்டுவிடும். கேட்டுப் பார்க்கவேண்டுமென்றால் அந்தப் பதிவைப் பலிகொடுக்கவேண்டும்.

இப்படிப் பிடித்த ஒலியின் எல்லை என்ன? நம் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. எண் குறைந்தால் கனத்த ஒலி, கூடினால் கீச்சொலி. புனல் வழிப் பதிவில் உருப்படியாக விழுந்தது சுமார் 200இலிருந்து 2000, 2500 ஹெர்ட்ஸ் வரைதான். பழைய தொலைபேசி லைன்கூட 3400 வரை கடத்தும்.

மேல்பக்கம் போனதால் முதலில் அடிபடுவது 'ஸ'. அந்த எழுத்தின் உயிரே 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற சீறல்தான். பழைய தட்டில் 'ஸ', 'ஃப' எல்லாம் ஒரே மாதிரி மழுங்கிப்போய்க் கேட்பதற்குப் பாடகரின் உச்சரிப்பு காரணமில்லை. வயலினின் நரம்பு உரசல், தாளத் தகட்டின் பளபளப்பு, பாடுகிற அறையின் எதிரொலி, இவையும் அதே வழியில் காணாமல் போகின்றன.

கீழ்ப்பக்க இழப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்குரலின் அடிப்படைச் சுருதி பல நேரம் 120 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அது மெழுகில் விழவே இல்லை. ஆனால் நமக்கு ஆண்குரலாகத்தானே கேட்கிறது? எந்த ஸ்வரமும் தனியாக வருவதில்லை. 120 ஒலித்தால் கூடவே அதன் மடங்குகளான 240, 360, 480 எல்லாம் ஒலிக்கும். அந்த மடங்குகள் தட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்து மூளை, "அடியில் 120 இருந்திருக்கவேண்டும்" என்று தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, பழைய தட்டு கேட்கும்போது பாதிப் பாட்டை நாமே பாடிக்கொள்கிறோம்.

இதனால் சில குரல்களுக்கு இந்தக் கருவி ராசியானதாக இருந்தது. 1902இல் மிலான் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றில் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் பத்துப் பாட்டுகளைப் பதிந்த இத்தாலிய ஆபரா பாடகர் என்ரிகோ கரூஸோவின் டெனர் குரல், அதாவது உயர்ந்த ஆண்குரல், அப்படிப்பட்டது. அந்தக் குரலின் சதைப்பகுதி முழுக்கப் புனலுக்குத் தோதான இடத்திலேயே விழுந்தது. உச்சஸ்தாயியில் பாடிய பெண்குரல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் 1000 ஹெர்ட்ஸைத் தொடும்போது, மடங்குகளில் 2000 மட்டும்தான் எல்லைக்குள் நிற்கும். மீதி வெட்டுப்பட்டு, குரல் புல்லாங்குழல் மாதிரி வெறுமையாகிவிடும்.

சரி, மூக்கால் பாடுவது எங்கிருந்து வருகிறது? எல்லை குறுகியது மட்டும் காரணமில்லை. அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே மேடுபள்ளம் இருந்தது. பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி மட்டும் ஓங்கி ஒலிக்குமே, அதேபோல் புனலுக்கும் தகட்டுக்கும் தனக்குப் பிடித்த சில சுருதிகள் உண்டு. அந்த ஸ்வரம் வந்தால் கத்தும், பக்கத்து ஸ்வரத்துக்கு முனகும். இந்த ஒழுங்கில்லாத ஏற்ற இறக்கத்தைத்தான் நம் காது தகர டப்பா என்றும் மூக்கொலி என்றும் புரிந்துகொள்கிறது. இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பதியும்போது ஒரு புனல், கேட்கும்போது இன்னொரு புனல். மேடுபள்ளம் இரண்டு தடவை ஏறுகிறது.

தட்டும் பள்ளமும்

எடிசனின் முதல் கருவியில் தகரத்தாள் சுற்றிய உருளை இருந்தது. சில தடவை ஓட்டினாலே தாள் கிழிந்துவிடும். அப்புறம் மெழுகு உருளைகள் வந்தன. இவற்றில் ஊசி மேலும் கீழுமாக ஆழத்தை மாற்றி எழுதும். எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை வாங்கிய கிராமபோனில் ஊசி இடமும் வலமுமாக நெளிந்து எழுதியது, பிறகு அது தட்டையான வட்டத்தட்டாக மாறியது. தட்டை அச்சடிப்பது சுலபம், அடுக்கி வைப்பதும் சுலபம். அதனால் தட்டு ஜெயித்தது. ஒலித்தரத்தில் உருளைக்குச் சாதகமான ஒரு விஷயம் இருந்தது, அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

25 சென்டிமீட்டர் தட்டின் வெளி வரியில் ஒரு சுற்று சுமார் 75 சென்டிமீட்டர் நீளம். நிமிடத்துக்கு 78 சுற்று என்றால், ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 98 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பாட்டு முடியும் இடத்தில், உள் வரியில், அது 41ஆகக் குறைந்துவிடும். அதே ஒலி அலையைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் மடித்து எழுதவேண்டும். வெளியே ஒரு மில்லிமீட்டரில் தாராளமாக நெளிந்த 1000 ஹெர்ட்ஸ் அலை, உள்ளே 0.4 மில்லிமீட்டரில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். பாட்டின் கடைசி வரிகள் கரகரப்பதற்கு இதுதான் காரணம். போதாக்குறைக்கு, அங்கே போய்ச் சேருவதற்குள் ஊசியும் மழுங்கியிருக்கும். உருளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சுற்றளவு முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான்.

இரைச்சலுக்கு வருவோம். 78 சுற்றுத் தட்டைப் பலர் பிளாஸ்டிக் என்று நினைக்கிறார்கள். அது அரக்கு. அரக்குப் பூச்சி தரும் பிசினை, பொடித்த கல்லோடும் கரியோடும் கலந்து சூடாக அழுத்தியது. பிசின் கொஞ்சம்தான், கல்பொடிதான் அதிகம். கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும். அதில் ஏன் கல்லைக் கலக்கவேண்டும்? தட்டை உறுதியாக்குவது ஒரு காரணம். இன்னொன்று விசித்திரமானது: ஊசியைத் தேய்ப்பதற்காக!

என்னிடம் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டி கிராமபோன் ஒன்று இருக்கிறது. ஒரு நாள், புது எஃகு ஊசி ஒன்றையும், ஒரே ஒரு பக்கம் ஓட்டிய ஊசி ஒன்றையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். புதியதன் முனை உருண்டையாக, கருநிறமாக இருந்தது. ஓட்டியதில் இரண்டு பக்கமும் பட்டை தீட்டிய மாதிரி சரிவு விழுந்து, வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னியது. மூன்று நிமிடத்தில் எஃகு அவ்வளவு கரைந்திருக்கிறது. திட்டமே அதுதான். பள்ளத்தின் வடிவத்துக்கு ஊசி சரியாகப் பொருந்தாது, முதல் சில சுற்றுகளில் கல்பொடி அதைச் சாணை பிடித்துத் தன் அளவுக்குச் செதுக்கிக்கொள்ளும். அந்தச் சாணை பிடிக்கும் சத்தத்தைத்தான் 'ஸ்ஸ்ஸ்' என்று பாட்டு முழுக்கக் கேட்கிறோம்.

ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்ற விதி இதனால் வந்தது. ஓட்டிய ஊசியைத் திரும்பப் போட்டால், பட்டை விழுந்த விளிம்பு வேறு கோணத்தில் உட்கார்ந்து, உளி மாதிரி பள்ளத்தின் சுவரைச் சீவும். சிக்கனம் பார்த்த வீடுகளில் ஒரே ஊசி பத்துத் தட்டுக்கு ஓடியது. இன்று நம் கைக்கு வரும் பழைய தட்டுகள் சாம்பல் பூத்துக் கிடப்பதற்கு வயது பெரிய காரணமில்லை, அந்தச் சிக்கனம்தான்.

கருவி செய்த கோளாறு

பதிவைப் போலவே பாடவைப்பதிலும் மின்சாரம் இல்லை. ஸ்பிரிங் மோட்டார் தட்டைச் சுற்றும், அவ்வளவுதான். அறையை நிரப்பும் சத்தத்துக்கான சக்தி முழுவதும் பள்ளத்தின் சுவர் ஊசியை உதைக்கும் உதையிலிருந்து வருகிறது. நன்றாக உதை வாங்க ஊசி நன்றாக அழுந்தவேண்டும். அதனால் 100 கிராமுக்கும் மேலான பாரம் ஊசிமுனையில் இறங்கியது. இன்றைய டர்ன்டேபிளில் அது 2, 3 கிராம். முடி அகல முனையில் இத்தனை பாரம் என்றால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் போகும்.

ஊசியின் உதறல், அதைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸ் என்ற வட்டப் பெட்டியில் இருக்கும் தகட்டுக்குப் போகும். அந்தத் தகடு பெரும்பாலும் மைக்கா, நாம் காக்காப்பொன் என்று சொல்வோமே, அதேதான். தகடு சின்னது. வெட்டவெளியில் அது எவ்வளவு அதிர்ந்தாலும் காற்று பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும், சத்தம் எழாது. புனலின் குறுகிய கழுத்துக்குள் அடைத்துவிட்டால் காற்றுக்கு ஒதுங்க இடமில்லை, தள்ளிய தள்ளு முழுக்க முன்னால் போயே தீரவேண்டும். புனல் சத்தத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, தகட்டின் உழைப்பு வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் கனத்த ஒலிக்குப் புனல் பெரிதாக இருந்தாகவேண்டும். 100 ஹெர்ட்ஸ் அலை காற்றில் 3.4 மீட்டர் நீளம். முழங்கை நீளப் புனலுக்குள் அது அடங்காது. 1906இல் விக்ட்ரோலா என்ற பெயரில் புனலை அலமாரிக்குள் ஒளித்துவைத்த கருவி வந்து சக்கைப்போடு போட்டது. வரவேற்பறைக்கு அழகாக இருந்தது உண்மை, காதுக்கு அது முன்னேற்றம் என்று என்னால் சொல்லமுடியாது. சத்தத்தைக் குறைக்க அலமாரியின் கதவைச் சாத்துவார்கள். கூட்ட வேண்டுமானால் தடிமனான ஊசி, மெல்லக் கேட்க ஒல்லி ஊசி. மூங்கில் ஊசியும் கள்ளிமுள்ளும்கூடப் பயன்பட்டன. அவை தட்டை அவ்வளவாகத் தேய்க்காது, இரைச்சலும் குறையும், கூடவே கீச்சொலியும் கொஞ்சம் போய்விடும்.

எடிசன் 1912இல் வேறு வழியில் போனார். அவருடைய டயமண்ட் டிஸ்க் கெட்டியான தட்டு. வைர முனை, மாற்றவேண்டியதே இல்லை. ஊசியைத் தாங்கும் கைக்குப் பல்சக்கர இயக்கம் இருந்ததால், ஊசியைத் தட்டின் குறுக்கே இழுத்துப்போகும் வேலை பள்ளத்துக்கு இல்லை. இரைச்சலும் குறைவு. அந்தப் பெருமையில் 1915 முதல் மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். பாடகர் கருவியோடு சேர்ந்து பாடுவார், நடுவில் நிறுத்துவார், எது ஆள், எது தட்டு என்று கூட்டத்தால் சொல்லமுடியவில்லையாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: பாடகர்கள் தட்டின் குரலுக்கு ஏற்றபடி தங்கள் குரலை அடக்கிக்கொண்டார்கள். இயந்திரம் மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர் இயந்திரத்தைப் போலப் பாடினார்.

உண்மையான பாய்ச்சல் 1925இல் வந்தது. மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பதிவறைக்குள் நுழைந்தன, மேல் எல்லை 5000 ஹெர்ட்ஸைத் தாண்டியது. 'ஸ' திரும்பி வந்தது, டபுள் பேஸும் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் பொறியாளர்களான மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் தொலைபேசி லைனுக்குப் போடும் கணக்கை எடுத்து, அப்படியே ஊசி, தகடு, புனலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலா. அலுமினியக் கலவைத் தகடு, மெதுவாக விரிந்துகொண்டே போகும் நீளமான மடித்த புனல். ஒலியைப் பெருக்க அதிலும் மின்சாரம் கிடையாது, சாவி கொடுத்தால் பாடும். ஆனாலும் சுமார் 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு சமமாக ஒலித்தது. அதுவரை கேட்டிராத அளவுக்குத் தட்டிலிருந்து ஒலி வெளியே வந்தது.

இன்று கேட்கும்போது

பள்ளத்தில் இருப்பது ஒன்று, நமக்குக் கேட்பது இன்னொன்று என்று நான் புரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகுதான். புது டர்ன்டேபிள் வாங்கிய வேகத்தில், பின்னாளில் வந்த நீண்டநேரத் தட்டான எல்பிக்குரிய ஊசியோடு ஒரு 78 தட்டைப் போட்டேன். ஒரே கொரகொரப்பு. தட்டு செத்துவிட்டது என்று ஒதுக்கிவைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்பி ஊசிமுனையின் ஆரம் சுமார் 0.025 மில்லிமீட்டர், 78க்கு வேண்டியது 0.075. என் ஊசி அகலமான பள்ளத்தின் தரையில், தூசிக்குள் புரண்டுகொண்டிருந்திருக்கிறது. பாட்டு எழுதியிருப்பது சுவரில். சரியான ஊசி போட்டதும் அதே தட்டு தெளிவாகப் பாடியது. பழைய பதிவுகளைச் சீரமைக்கிறவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பல அளவு முனைகளை வைத்திருக்கிறார்கள். பழைய எஃகு ஊசி சீவாமல் விட்ட உயரத்தில் சுவரைத் தொட்டால், புதுத் தட்டு மாதிரி ஒலி கிடைக்கும்.

அடுத்தது ஸ்டீரியோ. 78 தட்டின் பாட்டு இடவல நெளிவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேல்கீழ் அசைவையும் ஒலியாக்கும், அதில் இருப்பது வெறும் இரைச்சல். மோனோவுக்கு மாற்றினால் அது அடங்கிவிடும். டயமண்ட் டிஸ்க்கில் இதற்கு நேர் எதிர், அதில் பாட்டு உருளையைப் போல மேல்கீழ் அசைவில் இருக்கிறது, மோனோ போட்டால் பாட்டே காணாமல் போகும். இன்னொன்று, இன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) கணக்குப்படி கீச்சொலியைக் குறைக்கின்றன. எல்பியில் அதை முன்கூட்டியே கூட்டி எழுதியிருப்பார்கள். புனல் காலத்துத் தட்டுகளில் கூட்டி எழுதியதே இல்லை. இருந்த கொஞ்சத்தையும் வெட்டிவிட்டு, "பழைய தட்டு மந்தமாக இருக்கிறது" என்கிறோம்.

கடைசியாக வேகம். 78 என்பது பின்னாளில் நிலைத்த எண். அதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி, ஏன், நாளுக்கு நாள்கூட மாறியது. 74 சுற்றில் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாடகர் அவசரக்காரராகவும் இளையவராகவும் தெரிவார்.

வேகம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சம்பவம். எடிசனுக்கு முன்பே, பாரிஸில் ஸ்காட் த மார்த்தென்வீல் என்பவர் புகைக்கரி படிந்த காகிதத்தில் குரலைக் கோடாக வரைந்துவந்தார். பார்க்க மட்டும்தான், திரும்பக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. 1860இல் அப்படி எழுதிய ஒரு நாட்டுப்பாடலை 2008இல் ஆய்வாளர்கள் காகிதத்தை ஸ்கேன் செய்து கணினி வழியே ஒலிக்கவைத்தார்கள். ஒரு சிறுமியோ பெண்ணோ பாடுகிற மாதிரி கேட்டது. அடுத்த வருஷம் கணக்கைச் சரிபார்த்தபோது, வேகத்தை இரட்டிப்பாக வைத்துவிட்டது தெரிந்தது. பாதி வேகத்தில் ஓட்டினார்கள். மெதுவாக, தயங்கித் தயங்கிப் பாடுகிற ஓர் ஆணின் குரல் வந்தது. அநேகமாக அது ஸ்காட்டுடைய குரலேதான்.